அவுட்டரில் இறங்கியவர்கள்

ஊரடங்கெல்லாம் முடிந்து பாசஞ்சர் வண்டிகள் மறுபடி ஓடப்போகின்றன என்று கேள்விப்பட்ட அன்று, நாங்கள் ஏழு பெண்களும் வழக்கமான நேரத்துக்கு முன்பே எங்கள் ஊர் ஹால்ட்டுக்கு வந்துவிட்டோம். மொரப்பூருக்கும் பொம்மிடிக்கும் நடுவே ஒரு ஓட்டுக் கொட்டகை, ஒரு பெயர்ப்பலகை, இரண்டு சிமெண்ட் பெஞ்சு. அவ்வளவுதான் எங்கள் ஸ்டேஷன். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. ஒப்பந்தத்தில் டிக்கெட் கொடுக்கும் ஹால்ட் ஏஜென்ட் ஒருவர் மட்டும் இருந்தார். அவர் அன்று விடியற்காலையிலேயே வந்து, பிளாட்பாரத்தில் முளைத்திருந்த புல்லை மண்வெட்டியால் செதுக்கி வைத்திருந்தார். டிக்கெட் ஜன்னலுக்கு மஞ்சள் குங்குமம்கூட வைத்திருந்தார்.

வண்டி தூரத்தில் தெரிந்ததும் எழுந்து நின்று புடவையைச் சரிசெய்துகொண்டோம். அது ஊதிக்கொண்டே வந்தது. வேகம் குறையவில்லை. காற்று முகத்தில் அறைய, பெட்டி பெட்டியாகப் போய்விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, நிற்காது என்பதுபோல் கையை விரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

"டிரைவருக்குப் பழக்கம் உட்டுப்போச்சா என்னா?" என்று ஒருத்தி கேட்டாள்.

ஏஜென்ட், சேலம் பக்கத்து அடுத்த பெரிய ஸ்டேஷனான பொம்மிடிக்குப் போன் செய்தார். பேசி முடித்து, செருப்பைப் பார்த்தபடி சொன்னார்: "இப்ப அது பாசஞ்சர் இல்லீங்களாம். எக்ஸ்பிரஸ்னு மாத்திட்டாங்களாம். சின்ன ஸ்டேசன்ல நிக்காதுன்னு சொல்றாங்க."

அதே பெட்டிகள், அதே பச்சை ரெக்சின் சீட்டுகள். பெயர் மட்டும் மாறியது. கட்டணம் கூடியது, எங்கள் ஊர் இல்லாமல் போனது.

நான் சேலத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். திருமணத்துக்கு முன்பிருந்தே இந்த வண்டியில்தான் போய் வந்தேன். பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பியபோதும் இதே வண்டி. பெண்கள் பெட்டியில் எங்களுக்கென்று ஒரு பகுதி இருந்தது. அதில் மூத்தவள் ஓர் அக்கா. எங்கள் கல்லூரிக்குப் பக்கத்து மாணவிகள் விடுதியில் சமையல் வேலை. ஐம்பதைத் தாண்டியவள். முழங்கால் வலி உண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது எங்களுக்கென்று ஏதாவது கொண்டுவருவாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு, களி உருண்டை, புளிச்சக்கீரை. என் கடைசித் தம்பி இறந்த மாதத்தில், சேலம் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் அவள்தான். என்னைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள்.

வண்டி நிற்காமல் போனபின் எங்கள் நாள் தலைகீழானது. காலையில் பொம்மிடி போய் ஏற வேண்டும். அதற்கு ஊரிலிருந்து முதல் பஸ். அது பல நாள் வராது. வராத நாளில் தக்காளி ஏற்றிப் போகும் டெம்போவில் தொற்றிக்கொள்வோம். மாலையில் இன்னும் மோசம். பொம்மிடியில் இறங்கினால் ஊருக்குப் பஸ் போய்விட்டிருக்கும். ஏழு பேரில் ஒருத்தி முதல் மாதத்திலேயே வேலையை விட்டாள். இன்னொருத்தி சேலத்திலேயே அறை எடுத்துத் தங்கினாள்.

இனி நான் சொல்லப்போவது என்னால் ஆரம்பித்தது.

எங்கள் ஹால்ட்டைத் தாண்டி மொரப்பூர்ப் பக்கம் கொஞ்ச தூரத்தில் ஒரு சிக்னல் இருக்கிறது. நாங்கள் அதை அவுட்டர் என்போம். மாலை வண்டியைப் பின்னால் வரும் கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட மொரப்பூரில் ஒதுக்குவார்கள். மொரப்பூரில் இடம் இல்லாத நாளில் அந்த அவுட்டரில் நிறுத்தி வைப்பார்கள். ஒரு மாலை நான் மொரப்பூர் போய் அங்கிருந்து பஸ்ஸில் திரும்பலாம் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். வண்டி அவுட்டரில் நின்றது. ஜன்னல் வழியே எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் விளக்கு தெரிந்தது. ஐந்து நிமிடமாகியும் வண்டி நகரவில்லை. நான் கதவருகே போனேன், குனிந்து பார்த்தேன், இறங்கிவிட்டேன். ஜல்லியில் கால் சறுக்கியது. ஆனால் ஆறே முக்காலுக்கு வீட்டில் இருந்தேன். என் மகள் கதவைத் திறந்து, "என்னம்மா, இன்னிக்கு லீவா?" என்றாள்.

மறுநாள் பெட்டியில் இதைப் பெருமையாகச் சொன்னேன். அடுத்த வாரம் மூன்று பேர் இறங்கினோம். பிறகு எல்லோரும். அக்கா மட்டும் மாட்டேன் என்றாள். "எனக்கு முட்டி ஒத்துக்காது கண்ணு. நான் பாட்டுக்கு மொரப்பூர் போயி பஸ்ஸப் புடிச்சி வந்துக்கறன்." அப்படி வந்தால் அவள் வீடு சேர எட்டரை ஆகும். காலையில் நான்கு மணிக்கு எழுகிறவள்.

நான்தான் விடவில்லை. "நான் கீழ நின்னு புடிச்சிக்கறன் அக்கா. ஒரே ஒரு எட்டு. எத்தன நாளைக்கு இப்படி அல்லாடுவீங்க?"

அவள் சம்மதித்தாள். நான் முதலில் இறங்குவேன். அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வேன். பிறகு அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையை எனக்குக் கொடுத்து, பின்பக்கமாகத் திரும்பி இறங்குவாள். கடைசிப் படிக்கும் ஜல்லிக்கும் இடையே இடுப்பளவு உயரம். வண்டி அவுட்டரில் நின்ற நாளெல்லாம் இப்படி ஒன்றரை மாதம் நடந்தது. தப்பு என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழியில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

ஐப்பசியில் ஒரு நாள். பகலெல்லாம் தூறல். வண்டி அவுட்டரில் நின்றபோது வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. மற்றவர்கள் இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் கீழே நின்று கையை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஈரமாக இருந்தன. ஒரு காலைக் கீழே வைக்கத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நகர்ந்தது.

அவள் என் கையை இறுக்கினாள். நான் வண்டியோடு சேர்ந்து இரண்டு அடி ஓடினேன். என் உடம்பு சக்கரத்தின் பக்கம் சாய்ந்ததை உணர்ந்தேன். அந்த நொடியில் கையை உதறினேன். வழுக்கவில்லை. உதறினேன். இதை எழுதுவதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அவள் பக்கவாட்டில் விழுந்தாள். வலது கால் உள்ளே போனது. சத்தம் கேட்டு யாரோ செயினை இழுத்தார்கள். வண்டி நின்றது. கார்டு விளக்கோடு ஓடிவந்தார். பக்கத்துப் பெட்டியிலிருந்த ஆண்கள் நாலைந்து பேர் இறங்கி அவளைத் தூக்கி மறுபடி அதே வண்டியில் ஏற்றினார்கள். யாரோ ஒருவர் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுப்போட்டார். மொரப்பூரில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. என் தோளில் அவள் பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். குதிகால் தப்பியது.

ஆஸ்பத்திரி நடையில் ரயில்வே போலீஸ் பெண் ஒருவர் வந்து விசாரித்தார். களைத்திருந்தார். அன்பாகத்தான் கேட்டார்.

"நீங்க கூட வந்தவங்களா? எப்படி விழுந்தாங்க?"

"நான் முன்னாடியே இறங்கி நடந்துட்டங்க," என்றேன். "சத்தம் கேட்டுத் திரும்பினன். கீழ கிடந்தாங்க."

"அவங்களாத்தான் இறங்கினாங்களா?"

"ஆமாங்க."

அவர் எழுதிக்கொண்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார். எனக்கு அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றும் அப்படியே போட்டேன்.

அதற்குப் பிறகு ஊர் பேசியதெல்லாம் அவளைப் பற்றித்தான். இந்த வயசில் குதிக்கலாமா, ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் என்ன குடி முழுகிவிடும் என்றார்கள். அவள் கணவர் மரவள்ளி வைத்திருக்கும் சம்சாரி. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து, "அவளுக்குத்தான் அறிவில்லயேம்மா. நாலு பேரு எறங்கறாங்கன்னா இவளும் எறங்கணுமா?" என்பார். உள்ளே படுத்திருக்கும் அவளுக்கு அது கேட்கும். எனக்கும் கேட்கும். நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருப்பேன்.

அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. விடுதிப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாள். புதுச் சமையல்காரி சாம்பாரில் வெல்லம் போடுகிறாளாமே என்பாள். அவளுக்கு அந்த நொடி நினைவில் இல்லை என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். வலியில் மறந்திருப்பாள் என்று. சில நாள் அவள் என் கைகளைப் பார்ப்பதுபோல் தோன்றும். சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

ஆறு மாதம் கழித்து ஹால்ட் ஏஜென்ட் என் வீட்டுக்கு வந்தார். வண்டி நிற்காததால் அவருக்கும் வேலை இல்லை. ஆனாலும் கொட்டகைச் சாவி அவரிடம்தான் இருந்தது. தினமும் போய்த் திறந்து பெருக்கிவிட்டு வருவார்.

"நீங்கதான் நல்லா டைப் அடிப்பீங்களே. ஒரு மனு போடலாங்க. சும்மா நிறுத்துங்கன்னு கேட்டா யாரும் படிக்கமாட்டாங்க. இந்த ஸ்டேசன் எப்படி வந்துச்சின்னு எழுதணும்."

அப்படித்தான் எங்கள் ஸ்டேஷனின் வரலாற்றைத் தேடினேன். இருபது வருடம் தினமும் நின்ற இடத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஓய்வுபெற்ற கேங்மேன் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். தண்டவாளம் பராமரித்தே முதுகு வளைந்தவர். இந்தப் பாதைக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் என்றார். சென்னையிலிருந்து மேற்கே போட்ட முதல் பாதை இதுதான். ஆனால் எங்கள் ஊர் வழியாகப் போனதே தவிர, வெகுகாலம் எங்களுக்காக நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு, கடைசியில் பிளாட்பாரத்துக்கு மண் நீங்களே கொட்டினால் பார்க்கலாம் என்று பதில் வந்ததாம். வேலை முடித்த மாட்டு வண்டிகளெல்லாம் மாலையில் ஏரி மண் சுமந்திருக்கின்றன. என் மாமனாரும் கொட்டியிருக்கிறார். அவர் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

இன்னொன்றும் அந்தக் கேங்மேன் சொன்னார். மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர்வரை ஒரு சின்னப் பாதை இருந்ததாம். யுத்த காலத்தில் நிறுத்தி, தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். "திரும்பப் போடறோம், போடறோம்னு எங்கப்பன் காலத்துலருந்து சொல்றாங்கம்மா. எடுத்தது எடுத்ததுதான். அதனால நீங்க சீக்கிரம் கேளுங்க. கொட்டாயப் பிரிச்சிட்டாங்கன்னா அப்பறம் கேக்க முடியாது."

மனுவில் எல்லாவற்றையும் எழுதினேன். விபத்தையும் எழுத வேண்டியிருந்தது. 'நிறுத்தம் இல்லாத காரணத்தால் பெண் பயணி ஒருவர் தவறி விழுந்து பாதத்தை இழந்தார்.' அந்த வரியைத் தட்டச்சு செய்தபோது பிழை ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் மறுபடி படிக்காமல் அச்செடுத்தேன். அக்கா வீட்டுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். அவள் படித்துப் பார்த்தாள். 'தவறி' என்ற சொல்லுக்கு மேல் விரலை வைத்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மனு போய் நான்கு மாதத்தில் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். கொட்டகை முன் ஊரே கூடிவிட்டது. அக்காவை அவள் கணவர் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் இருத்தினார். அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். ஆனால் விபத்துப் பகுதி வந்ததும் ஃபைலைப் புரட்டி நிமிர்ந்தார்.

"இது அவுட்டரில் நடந்திருக்கு. அங்கே இறங்கறதே குற்றம். போலீஸ் ரிப்போர்ட்ல அவங்களாவே இறங்கினாங்கன்னு சாட்சி இருக்கு. ஒருத்தர் அஜாக்கிரதையா இறங்கினதுக்கு வண்டியை நிறுத்துங்கன்னா எப்படிம்மா?"

கூட்டத்தில் ஒருவர், "அது அந்தம்மா செஞ்ச தப்புங்க, அத விடுங்க. மத்ததப் பாருங்க," என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எழுந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அந்தச் சாட்சி நான்தாங்க," என்றேன். "நான் சொன்னது பொய். நான்தான் அவங்கள இறங்கச் சொன்னன். வேணாம்னாங்க. நான் புடிச்சிக்கறன்னு சொன்னன். புடிச்சிருந்தன். வண்டி நகர்ந்ததும் பயத்துல கைய உட்டுட்டன். அஜாக்கிரதை அவங்களது இல்லீங்க."

அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். "இதையெல்லாம் எழுத்துல தரணும்," என்று மட்டும் சொன்னார். தருகிறேன் என்றேன். அக்காவின் கணவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை.

சொல்லிவிட்டால் இறக்கிவைத்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றேன்.

"எனக்குத் தெரியும் கண்ணு. கைய உட்டது உடம்புக்குத் தெரியாமப் போயிடுமா? நீ உதறுனது இன்னிக்கும் இங்க இருக்குது." மணிக்கட்டைக் காட்டினாள். "உட்டது தப்புன்னு நான் நெனைக்கல. உடாம இருந்தா ரெண்டு பேரும் போயிருப்பம். உனக்குப் புள்ள இருக்குது."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"ஆனா ஒண்ணு. பத்து மாசமா என் வூட்டுக்காரரு என்னத் திட்டறப்பல்லாம் நீ இங்கதான் உக்காந்திருந்த. ஒரு வார்த்த சொல்லல. இன்னிக்கு ஊரு முன்னால போயி சொல்ற. மொதல்ல எங்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலயா? அந்த ஆபீசர் கேக்கலன்னா சொல்லியிருப்பயா?"

அவள் வெங்காயத்தை அரிய ஆரம்பித்தாள். "வெளக்கு வெக்கற நேரம். வூட்டுக்குப் போ," என்றாள்.

மறு வாரம் ரயில்வே போலீஸ் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது, இப்போது எதற்கு என்று கேட்டார்கள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவுட்டரில் இறங்கியதற்கு எனக்கு அபராதம் விதித்தார்கள். கட்டினேன். என் கணவர் மட்டும், "எல்லாம் முடிஞ்ச பிறகு உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார். ஊரில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். சிலர் முன்பைவிட அதிகமாகப் பேசினார்கள். இரண்டும் ஒரே மாதிரி உறுத்தின.

போன தை மாதம் உத்தரவு வந்தது. காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி, சோதனை அடிப்படையில் ஆறு மாதத்துக்கு எங்கள் ஊரில் நிற்கும். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்த்துத்தான் நீட்டிப்பார்களாம். முதல் நாள் எஞ்சினுக்கு மாலை போட்டார்கள். ஏஜென்ட் புதுச் சட்டை அணிந்திருந்தார். நாங்கள் மிஞ்சியவர்கள் நான்கு பேர் ஏறினோம். பெட்டியில் எங்கள் பகுதியில் வேறு ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.

அக்கா அன்று வரவில்லை. விடுதியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. நானும் அவள் வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தேன். போகாமல் இருப்பதே மரியாதை என்று எனக்கு ஒரு சமாதானம்.

பங்குனியில் அவளே போன் செய்தாள். சேலத்தில் அவள் பாதத்துக்கு அளவெடுத்து ஒரு பூட்சு செய்து தருகிறார்களாம். கணவருக்குக் கிழங்கு வெட்டு வேலையாம். "நீ போற வண்டிலயே நானும் வரன். அங்க எந்த எடம்னு எனக்குத் தெரியாது. லீவு போட முடியுமா?" என்று கேட்டாள். குரலில் பழைய இழைவு இல்லை. வேலைக்கு ஆள் கேட்பதுபோல் கேட்டாள். போடுகிறேன் என்றேன்.

வண்டி எங்கள் ஊரில் ஒரு நிமிடம்தான் நிற்கும். பிளாட்பாரம் தாழ்வு. ஏஜென்ட் ஜன்னலைப் பூட்டிவிட்டு வந்து, கொட்டகையிலிருந்த மர ஸ்டூலைப் படிக்கு முன்னால் போட்டுப் பிடித்துக்கொண்டார். அக்கா கம்பியைப் பற்றி அவளாகவே ஏறினாள். ஏறியதும் மூச்சு வாங்கியது. ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

பொம்மிடி தாண்டி, சேர்வராயன் மலை பக்கத்தில் வரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, எதிரில் உட்கார்ந்திருந்த புதுப் பெண் ஒருத்தியிடம், "எங்க கண்ணு வேல?" என்று விசாரித்தாள். துணிக்கடை என்றாள் அவள். நாள் முழுக்க நிற்க வேண்டுமா, உட்கார விடுவார்களா, மதியத்துக்கு என்ன கொண்டுபோகிறாய் என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் "கண்ணு" என்னை நோக்கியது அல்ல என்பது எனக்குத் தெரிந்தது. சேலம் வந்ததும், அவள் கைத்தடியை எடுத்துக்கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.